மூடி போட்ட வாட்ச்

பூசை நடந்துகொண்டிருக்கும்போதே மாப்பிள்ளை வாட்சின் மூடியைத் திறந்துவிட்டார். சாமியார் நற்கருணையைத் தூக்கிக் காட்ட, பீடத்து மணி கிணுகிணுக்க, கோயிலே மண்டியிட்டுத் தலைகுனிந்திருந்த நேரம் அது. ‘டிக்’ என்று ஒரு சத்தம். மறுபடியும் ‘டிக்’, மூடுகிற சத்தம். பெண்கள் பக்கம் தூணோரமாக மண்டியிட்டிருந்த மரிய புஷ்பத்துக்கு மட்டும்தான் அது என்ன சத்தம் என்று தெரியும். அது அவளுடைய வாட்ச். முந்தாநாள் சாயங்காலம்வரை அவள் இடது கையில் கிடந்தது.

ஆண்டவர் எழுந்தருளும் நேரத்தில் மணி பார்க்கிற ஆளுக்கு அப்படி என்ன அவசரமோ என்று அவள் நினைத்தாள். அவசரமெல்லாம் ஒன்றுமில்லை. கண்ணுள்ளவர்கள் கையில் புதிதாக ஒரு பொருள் சிக்கினால் அதை நோண்டாமல் அவர்களால் இருக்க முடியாது. இதை அவள் சின்ன வயதிலிருந்தே பார்த்து வருகிறாள். பார்த்து என்றுதான் அவள் சொல்லுவாள். யாராவது “நீ எங்கிருந்து பாத்த?” என்று கேட்டால், “ஒன்னயத்தான் பாத்துக்கிட்டிருக்கேன், வேற என்ன வேலை எனக்கு?” என்பாள்.

எண்பத்திரண்டாம் வருஷம், தவக்காலம் தொடங்கினால் கோயிலில் கல்யாணம் கிடையாது, அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று அவசர அவசரமாக நடந்த கல்யாணம் அது. பெண், அவளுடைய அக்கா சாந்தி மேரி. மாப்பிள்ளை ஞானப்பிரகாசம், அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்டு ஆலையில் மூட்டை கட்டுகிற பிரிவில் வேலை. அந்தப் பெயரை வைத்த சாமியார் பிள்ளையின் முகத்தைச் சரியாகப் பார்க்காமல் தண்ணீர் ஊற்றிவிட்டார் என்பது புஷ்பத்தின் முடிவு.

புஷ்பத்துக்கு நாலு வயதில் அம்மை போட்டுக் கண் போனது. அம்மையில் பாதி போனது. மீதியை ஊர்க்காரர்கள் போக்கினார்கள். ஆளுக்கொரு பச்சிலை, ஆளுக்கொரு சாறு. பிழிந்து ஊற்றிவிட்டு, “மாதா கைவிட மாட்டா” என்று சொல்லிவிட்டுத் தங்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்கள். வரதராசன்பேட்டைக்குப் பக்கத்தில், முந்திரிக் காட்டை ஒட்டின ஊர் அது. அப்பா தேவசகாயத்துக்குக் கொஞ்சம் முந்திரியும் கொஞ்சம் மானாவாரியும் உண்டு. கன்னியாஸ்திரி ஒருவர் வந்து கெஞ்சிக் கேட்டு அவளைத் திருச்சியில் கண் தெரியாத பெண்களுக்கான பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போயிராவிட்டால், அவள் அடுப்படியிலேயே கிடந்திருப்பாள்.

அங்கேதான் அவளுக்கு விடுதி மணி அடிக்கிற பொறுப்புக் கொடுத்தார்கள். எழுந்திருக்க, குளிக்க, படிக்க, செபிக்க, தூங்க எல்லாவற்றுக்கும் மணி. அதற்காகக் கொடுத்ததுதான் அந்த வாட்ச். ஜெர்மனியிலிருந்து பெட்டியில் வந்தது. ஆம்பிளை வாட்ச் மாதிரி பெரியதாக இருக்கும். பக்கத்துப் பொத்தானை அழுத்தினால் கண்ணாடி மூடி துள்ளித் திறக்கும். உள்ளே எண்கள் இருக்கிற இடத்தில் புள்ளிகள் மேடாக நிற்கும். முட்களைக் கெட்டியாகச் செய்திருப்பார்கள். விரலால் தொட்டு மணி தெரிந்துகொள்ளலாம். “பாலாடையத் தொடுற மாதிரி தொடணும். அழுத்துனா முள்ளு நகந்துடும்” என்று சிஸ்டர் சொல்லிக் கொடுத்தார். புஷ்பம் அதை ஒரு தடவை கேட்டதோடு சரி. படிப்பு எட்டாவதோடு நின்றுவிட்டது. ஊருக்குத் திரும்பும்போது, “இது ஒனக்குத்தான்” என்று வாட்சை அவள் கையிலேயே கட்டி அனுப்பினார்கள்.

ஊருக்கு வந்த பிறகுதான் அந்த வாட்சின் அருமை அவளுக்கு முழுதாகத் தெரிந்தது. உலகத்தில் எல்லாவற்றையும் கண்ணாடிக்குள் போட்டுப் பூட்டிவைத்திருக்கிறார்கள். ரேடியோவில் முள் கண்ணாடிக்குள் ஓடுகிறது. அதனால் அவள் மெழுகுவர்த்தியைச் சாய்த்து, திருகும் குமிழில் ஒரு சொட்டு விட்டு வைத்திருந்தாள். சொட்டு மேலே வந்தால் திருச்சி நிலையம். “ரேடியோவ நாசம் பண்ணிட்டா” என்று அப்பா ஒரு வாரம் கத்தினார். பஸ் இருக்கிறதே, அது இன்னும் மோசம். போகிற ஊரை நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டு வாயை மூடிக்கொண்டு வந்து நிற்கும். “இது எந்த ஊரு பஸ்சுங்க?” என்று கேட்டால், “எழுதியிருக்குல்ல?” என்பான் கண்டக்டர். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “அய்யய்யோ, பாவம்” என்பான். முதலில் சொன்னதைவிட இரண்டாவது சொன்னதுதான் அவளுக்குக் குமட்டும்.

வாட்ச் மட்டும்தான் அவளிடம் பேசியது. யாரிடமும் “மணி என்ன?” என்று கேட்டு நிற்க வேண்டியதில்லை. அதனால்தான் வரதராசன்பேட்டைப் பெண்கள் போர்டிங்கில் மதர் அவளைக் கூப்பிட்டார். “அங்க மணி அடிச்ச பொண்ணுதான நீ? இங்கயும் வந்து அடி. ஜூன்ல பள்ளிக்கூடம் தொறக்குது. சாப்பாடு, தங்குறது, கையில கொஞ்சம். வாட்ச் இருக்குல்ல?”

“இருக்கு மதர்” என்று கையை நீட்டிக் காட்டினாள். அந்த போர்டிங்கில் ஒரு சுவர்க் கடிகாரம் உண்டு. ஆளுயரத்துக்கு மேல், கண்ணாடிப் பெட்டிக்குள். அவளுக்கு அது இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

இந்த நேரத்தில்தான் சம்பந்தியம்மா சவரியம்மாள், கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது வந்து உட்கார்ந்துகொண்டாள். “நகை போடுறீங்க, பாத்திரம் வெக்கிறீங்க, எல்லாஞ் சரி. மாப்பிள்ள கை மொட்டையா இருந்தா ஆலையில நாலு பேரு என்னா கேப்பான்? ஒரு வாட்ச் கட்டிவிட மாட்டீங்களா?”

தேவசகாயம் அன்று சாயங்காலம் புஷ்பத்திடம் வந்தார். நேராகப் பேசவில்லை. தொண்டையைச் செருமினார், மாட்டைத் திட்டினார், பிறகு சொன்னார்.

“அந்த வாட்சக் கழட்டும்மா.”

“எதுக்குப்பா?”

“மாப்பிள்ளைக்கு. பெரிய வாட்சாத்தான இருக்கு. ஆம்பளைக்கு எடுப்பா இருக்கும்.”

“அப்ப நானு?”

“ஒனக்கு எதுக்கு மணி? நீ என்ன கலெக்டர் ஆபீசுக்கா போற?”

“போர்டிங்குக்குப் போறேன். மணி அடிக்கப் போறேன். மணி தெரியாம எப்புடிப்பா மணி அடிக்கிறது?”

“ஜூனுக்கு எவ்வளவோ கெடக்கு. முந்திரி முடிஞ்சதும் ஜெயங்கொண்டத்துல வேற வாங்கித் தரேன்.”

“இந்த மாதிரி அங்க கெடைக்காது. வேற வாட்ச்ல கண்ணாடிய தடவிக்கிட்டு ஒக்காந்திருக்கலாம், அவ்வளவுதான்.”

“வாட்சுன்னா வாட்சுதான. எல்லாத்துலயும் அதே முள்ளுதான ஓடுது” என்றார் தேவசகாயம்.

இத்தனை வருஷத்தில், அவள் எப்படி மணி சொல்கிறாள் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, “மணி என்னம்மா?” என்று கேட்டுக்கொண்டு எழுந்து போனவர்தான். அந்த மூடி எதற்கு என்று பார்க்கக் கண்ணிருந்து என்ன பயன்? அவள் வாட்சைக் கழற்றிக் கொடுத்தாள். கொடுக்காவிட்டாலும் பிடுங்கியிருப்பார்கள். பிடுங்கும்போது அவர்கள் விரல் தன் மேல் படுவதை அவள் விரும்பவில்லை.

சாந்தி கிணற்றடியில் அவளைப் பிடித்துக்கொண்டாள்.

“புஷ்பம், வெளிநாட்டு மாடல்னு அப்பா சொல்லிட்டாரு. நீ வாயத் தொறந்துடாத. கண்ணு தெரியாதவ வாட்சுன்னு தெரிஞ்சா அந்தப் பொம்பள என்னயக் கொத்திப்புடும். ‘குருட்டுச் சீரு கொண்டாந்தவ’ன்னு நான் சாவுற வரைக்கும் சொல்லும்.”

“சொல்ல மாட்டேன்.”

“மாதா மேல சத்தியமா?”

“மாதாவ ஏன் இழுக்குற? சொல்ல மாட்டேன்னா சொல்ல மாட்டேன்.”

அக்கா மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. வெட்டுப்படப் போகிற கோழி மேல் யாராவது கோபப்படுவார்களா?

மறுவீட்டுக்கு வந்தபோது மாப்பிள்ளை வாட்சை ஊருக்கே திறந்து காட்டினார். கூடவே ஆலையில் வேலை பார்க்கும் கூட்டாளி கண்ணையன் வந்திருந்தான். ‘டிக்’ என்று திறப்பார். “அம்மாடி!” என்பார்கள். வருஷக்கணக்காக அவள் கையில் கிடந்தபோது அதை ஒருத்தரும் பார்த்ததில்லை. ஆளாளுக்குக் கட்டைவிரலை விட்டு அழுத்திப் பார்ப்பார்கள். புஷ்பத்துக்குத் தன் கண்ணுக்குள்ளேயே விரலை விட்ட மாதிரி இருக்கும்.

“இந்தப் புள்ளியெல்லாம் என்னாடா?” என்றான் கண்ணையன்.

“வைரத் தூளு. மெஷின்ல வெச்சி அழுத்துனது” என்றார் ஞானப்பிரகாசம். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

“மூடி எதுக்கு?”

“மழை பேஞ்சா தண்ணி போவாதுல்ல.”

“அப்ப மத்த வாட்ச்ல கண்ணாடி இல்லாமயா இருக்கு?”

“டேய், இது வெளிநாட்டு மூடிடா!”

கண்ணையன் அதற்குமேல் கேட்கவில்லை. வெளிநாடு என்று சொல்லிவிட்டால் இந்த ஊரில் கேள்வி நின்றுவிடும்.

புஷ்பம் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். “மச்சான், மணி என்னங்க?”

ஞானப்பிரகாசம் பெருமையாகப் பார்த்துச் சொன்னார், “ஒண்ணே முக்கா.”

அந்த நேரம் பார்த்துக் கோயிலில் மூவேளைச் செப மணி அடித்தது. நடுப்பகல் பன்னிரண்டு. எல்லோரும் எழுந்து நின்று சிலுவை போட்டுக்கொண்டார்கள். மாப்பிள்ளையும் எழுந்து நின்று பக்தியாகச் செபம் சொன்னார். வாட்சைத் திருத்தவும் இல்லை, வெட்கப்படவும் இல்லை. ஒருவர்கூட அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. புஷ்பம் அடுப்படியில் தனியாகச் சிரித்தாள். அன்றிலிருந்து அவர் வரும்போதெல்லாம் அவள் தவறாமல் மணி கேட்பாள். அவரும் தவறாமல் தப்பாகச் சொல்லுவார். “பாவம், மச்சான்கிட்ட பிரியமாப் பேசுது” என்று பெண்கள் மெச்சினார்கள்.

சாந்திக்கு மசக்கை வந்ததும், கையுதவிக்கு என்று புஷ்பத்தை அரியலூருக்கு அனுப்பினார்கள். சம்பளமில்லாத வேலைக்காரி என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. “குருட்டுப் புள்ள என்னா செய்யும்?” என்று முகவாயைத் தோளில் இடித்துக்கொண்ட சவரியம்மாள், அவள் கையால் அரைத்த சட்டினியை மூன்று வேளையும் வழித்துத் தின்றாள்.

அங்கே ஆலைச் சங்குதான் ஊருக்கு மணி. சங்கு ஊதுவதற்கு முன்னால் ஞானப்பிரகாசம் வாசலில் இருக்க வேண்டும். வாட்ச் வந்த நாளிலிருந்து அவர் சங்கை நம்புவதை விட்டுவிட்டார். டீக்கடையில் வாட்சைத் திறந்து காட்டுவார். யாரோ அழுத்துவான், முள் நகரும். “இன்னும் நேரம் கெடக்கு” என்று இன்னொரு டீ சொல்லுவார். அப்படி ஒரு நாள் ஆலை வாசலைச் சாத்திவிட்டார்கள். அரைநாள் போச்சு. திரும்பி வந்து, அடுப்பில் ரசம் தாளிக்கத் தெரியவில்லை என்று சாந்தி மேல் விழுந்தார்.

“நேரம் தப்பா ஓடுதா மச்சான்?” என்றாள் புஷ்பம்.

“வாட்சு கரெக்டாத்தான் ஓடுது. கண்ட பய தொட்டுத் தொட்டு முள்ளு நவுந்துடுது. மூடிய ஒட்டிப்புடணும்.”

உரலில் மாவு தள்ளிக்கொண்டிருந்த அவள் கை நின்றுவிட்டது. ஒட்டிவிட்டால் அதுவும் மற்ற வாட்ச்களைப் போலக் கண்ணாடிக்குள் ஓடுகிற முள்தான்.

“ஒட்டாதீங்க மச்சான். யாருக்கும் காட்டாதீங்க, அது போதும்.”

“காட்டாம எதுக்கு வாட்சு?” என்றார் ஞானப்பிரகாசம். அவள் மறுபடி மாவைத் தள்ள ஆரம்பித்தாள்.

அவளை ஊருக்கு பஸ் ஏற்றிவிட வந்த அன்று, பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் பிச்சைமுத்துவின் வாட்ச் கடையில் நின்றார்கள். சாந்தியும் கூட வந்திருந்தாள். ஒரு பெட்டி அளவுதான் கடை. உள்ளே ஏகப்பட்ட கடிகாரங்கள் ஆளுக்கொரு வேகத்தில் துடித்துக்கொண்டிருந்தன. புஷ்பம் பையோடு படிக்குக் கீழே நின்றாள். பிச்சைமுத்து அவளைக் கவனிக்கவில்லை.

“மூடிய ஒட்டணும்” என்றார் ஞானப்பிரகாசம்.

பிச்சைமுத்து வாங்கி, ‘டிக்’ என்று திறந்தார்.

“சார், இது கண்ணு தெரியாதவங்க வாட்ச் சார். நான் திருச்சியில தொழில் கத்துக்கிட்டப்ப ஒண்ணு ரிப்பேருக்கு வந்துச்சு. தொட்டுப் பாக்கத்தான் மூடி, தொட்டுப் பாக்கத்தான் புள்ளி. இத நீங்க எதுக்குக் கட்டிக்கிட்டு அலையுறீங்க?”

சாந்தியின் வளையல் சத்தம் சட்டென்று நின்றது. வெளியே ஒரு லாரி சுண்ணாம்புக் கல் ஏற்றிக்கொண்டு முக்கிப் போனது. அது போய் முடிகிறவரை புஷ்பம் காத்திருந்தாள். மனுஷன் இப்போது என்ன சொல்லுவார்? ஏமாற்றிவிட்டார்கள் என்று கத்துவாரா? பக்கத்தில் நிற்கிறவளுடையது என்று இப்போதாவது உறைக்குமா?

ஞானப்பிரகாசம் குரலைத் தாழ்த்திக் கேட்டார். “ஒட்டுனா வெளிய தெரியுமா?”

“எது சார்?”

“அதான்... நீங்க சொன்னது.”

“மூடிய ஒட்டி, பொத்தானையும் அறுத்து விட்டுட்டா எவனுக்கும் தெரியாது. ஆனா பாவம் சார், இது யாருக்காச்சும் ஒதவுமே.”

“ஒட்டுய்யா நீ.”

புஷ்பம் படியேறி வந்தாள். “மச்சான், அத எங்கிட்டயே குடுத்துடுங்க. நீங்க அப்பாகிட்ட வேற வாங்கிக்குங்க. நான் சொல்லி வாங்கித் தரச் சொல்றேன்.”

“சீரா வந்தத யாராச்சும் திருப்பிக் குடுப்பானா? ஆலை முழுக்கப் பாத்துட்டான். எங்கடா போச்சுன்னு கேட்டா என்னா சொல்றது?” என்றவர், சாந்தி பக்கம் திரும்பி, “இங்க பேசுனது அம்மா காதுக்குப் போச்சு, பாத்துக்க!” என்றார்.

பிச்சைமுத்து அப்போதுதான் புஷ்பத்தை நிமிர்ந்து பார்த்திருக்க வேண்டும். “அய்யோ” என்று மட்டும் சொன்னார். பிறகு ஒட்டினார். நல்ல மனுஷர்களும் கடைசியில் ஒட்டத்தான் செய்கிறார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள். பசை நாற்றம் மூக்கில் ஏறியது. ஏதோ ஒரு சின்ன அரம் கரகரவென்று பொத்தானைத் தேய்த்தது.

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு வெகுதூரம்வரை அவளுக்கு அழுகை அழுகையாக வந்தது. மதருக்கு என்ன சொல்வது? வாட்ச் இல்லை என்றால் அந்த வேலைக்குக் கண்ணுள்ள எவளாவது வந்துவிடுவாள். பிறகு ஆயுள் முழுக்க யார் வீட்டிலாவது மசக்கைக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் சட்டினி அரைத்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

பஸ் ஏதோ ஒரு நிறுத்தத்தில் பெயர் சொல்லாமல் நின்று, பெயர் சொல்லாமல் கிளம்பியது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அக்காவுக்காகத்தான் அவள் வாயை மூடிக்கொண்டிருந்தாள். விஷயம் தெரிந்தால் மாமியார் சாந்தியைக் குத்திக் குதறுவாள் என்ற பயம். இப்போது விஷயம் தெரிந்த ஆள் மச்சானே. தெரிந்தும் ஒட்டி மறைத்துக் கட்டிக்கொண்டு திரிகிற ஆளும் அவரே. இனிமேல் வெளியில் வந்தால் நாறப்போவது யார்? அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்துச் சீட்டுக்காரி, “ஏம்மா, கண்ணு வலியா?” என்றாள். “இல்ல, சரியாப் போச்சு” என்றாள் புஷ்பம்.

மே மாதக் கடைசியில் ஊர் மாதா கோயில் திருவிழா. சம்பந்தி வீட்டார் எல்லோரும் வந்திருந்தார்கள். சவரியம்மாள் வந்தாள், கண்ணையனும் வந்தான், வேறு ஆலைக்காரர்கள் இரண்டு பேரும் சாப்பாட்டுக்கு வந்தார்கள். கொல்லைப் பந்தலில் சமையல். புஷ்பம் அரிவாள்மனையில் உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தண்ணீர் குடிக்க வந்த ஞானப்பிரகாசத்தின் செருப்புச் சத்தம் கேட்டது.

“மச்சான், மணி என்னங்க?”

“பத்தரை” என்றார். ஒட்டின பிறகு அவர் மணி சரியாகச் சொல்ல ஆரம்பித்திருந்தார். அது ஒன்றுதான் குறை.

“கிட்ட வாங்களேன், ஒரு சேதி.” அவர் குனிந்தார். அவள் காயை நறுக்குவதை நிறுத்தாமல் சொன்னாள். “அன்னிக்கி அரியலூர்ல அந்த வாட்ச் கடைக்காரர் என்னா அழகாப் பேசுனாரு! அதை ஒங்க அம்மாகிட்ட சொல்லலாம்னு பாக்குறேன். கண்ணையண்ணனும் வந்திருக்காரு. வைரத் தூளு பத்திக் கேட்டுக்கிட்டே இருப்பாரே, அவருக்கும் தெரிஞ்சிக்கிட்ட மாதிரி இருக்கும்.”

மாப்பிள்ளை இன்னும் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

“நீ... சொல்ல மாட்டேன்னு சாந்திக்கிட்ட சொல்லியிருக்கியாமே, அவளே சொன்னா. அவளுக்குத்தான் கேடு.”

“அவளுக்கு எதுக்குக் கேடு? தெரிஞ்ச அன்னிக்கே நீங்க கேட்டிருந்தா அவளுக்குக் கேடு. நீங்கதான் தெரிஞ்சிக்கிட்டே ஒட்டிப் போட்டுக்கிட்டீங்களே. கண்ணு தெரியாதவ வாட்ச, கண்ணு தெரியாதவ முன்னாடியே. ஆலையில ஒங்களுக்கு என்ன பேரு வெப்பாங்கன்னு யோசிச்சுப் பாத்தேன் மச்சான். நல்லா நல்லா பேரா வருது.”

அவர் செருப்புச் சத்தம் இரண்டடி போய்த் திரும்பி வந்தது.

“இப்பத் திடீர்னு கையில இல்லன்னா என்னான்னு சொல்றது?” என்றார் கடைசியில். குரல் கெஞ்சியது.

“எனக்கென்ன தெரியும்? நீங்கதான் நொடியில வைரத்தையே உண்டாக்குனவராச்சே.”

அந்த விஷயத்தில் அவள் அவரைக் குறைத்து மதித்துவிட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். ஞானப்பிரகாசம் நடுப்பந்தலுக்குப் போய் நின்றார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி குரலை உயர்த்தினார்.

“எல்லாரும் கேட்டுக்குங்க. நம்ம புஷ்பம் நான் வரப்பல்லாம் ஆசையா ‘மணி என்ன மச்சான், மணி என்ன மச்சான்’னு கேக்குது. எம் மனசு கேக்கல. திருவிழா நாளும் அதுவுமா இந்த வாட்ச அதுக்கே குடுத்துடுறேன். கண்ணு தெரியாட்டி என்ன? கையில கட்டிக்கிட்டாவது சந்தோசப்படட்டும்.”

பந்தலே உருகிப்போனது. “தங்கமான மனுசன்யா!” என்றான் கண்ணையன். ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். தேவசகாயம் மாப்பிள்ளையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “எங்க புள்ளைக்கி நீங்க அப்பன் மாதிரி” என்றார். அவர்தான் அதை அவள் கையிலிருந்து கழற்றச் சொன்னவர். அது அவருக்கே மறந்துவிட்டதோ, மறந்த மாதிரி இருக்கிறாரோ. சவரியம்மாள் மட்டும், “குருட்டுக் கைக்கு வெளிநாட்டு வாட்சா? என் வயிறு எரியுது” என்றாள். அந்தப் பந்தலில் மனதில் பட்டதைச் சொன்னவள் அவள் ஒருத்திதான்.

வாட்ச் புஷ்பத்தின் உள்ளங்கைக்கு வந்தது. பொத்தான் இருந்த இடத்தில் வழவழவென்று ஒரு தழும்பு. மூடியைச் சுற்றிப் பசை காய்ந்து கட்டி கட்டியாக நின்றது. நகத்தால் நெம்பிப் பார்த்தாள், அசையவில்லை. எல்லோரும் அவள் சிரிப்பதற்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். யாரோ, “மச்சானுக்கு ஒரு வார்த்த சொல்லும்மா” என்றார்கள்.

அவள் அரிவாள்மனையில் தேங்காய் துருவுகிற மூக்கைத் தடவிக் கண்டுபிடித்தாள். அதன் பல்லில் மூடியின் விளிம்பைக் கொடுத்து, பலமாக ஒரு நெம்பு நெம்பினாள். கண்ணாடி விரிசல் விட்டுப் படபடவென்று நொறுங்கிக் கத்தரிக்காய் மேல் விழுந்தது.

“அடிப் பாவி!” என்று அலறினாள் சவரியம்மாள். “குடுத்த கை ஈரம் காயல, ஒடச்சிப்புட்டாளே!”

“புத்தி கெட்டுப்போச்சா ஒனக்கு?” என்று தேவசகாயம் பாய்ந்து வந்தார். “கொரங்கு கையில பூமாலயக் குடுத்த மாதிரி...”

“அதுக்கு என்னா தெரியும் பாவம்” என்றான் கண்ணையன்.

புஷ்பம் மீதித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தாள். ஆள்காட்டி விரலில் ஒரு இடத்தில் ரத்தம் கசிந்தது. அதைச் சேலையில் துடைத்துக்கொண்டு, பாலாடையைத் தொடுகிற மாதிரி விரலை உள்ளே வைத்தாள். சின்ன முள் கொஞ்சம் வளைந்திருந்தது. ஆனாலும் ஓடியது. புள்ளிகள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. ஒரு வைரமும் களவு போகவில்லை.

சாந்தி மட்டும் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல் கத்தரிக்காயிலிருந்து கண்ணாடித் தூளைக் கழுவ ஆரம்பித்தாள். “தெரியுதா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“தெரியுது” என்றாள் புஷ்பம்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த அன்று, வரதராசன்பேட்டைப் பெண்கள் போர்டிங்கில் விடியற்காலை மணியை அவள்தான் அடித்தாள். கண்ணாடி இல்லாத வாட்ச் என்பதால் கையில் கட்டிக்கொள்ள முடியாது. தூசி போகும், முள் மாட்டும். யாரோ வெற்றிலை போடுகிற கிழவி ஒருத்தியிடம் ஒரு பெரிய தகரச் சுண்ணாம்பு டப்பா வாங்கி, கழுவி, உள்ளே பஞ்சு வைத்து அதில் போட்டுக்கொண்டாள். அந்த டப்பாவுக்கும் மூடி உண்டு. திறந்தால் ‘டக்’ என்று சத்தம் வரும். பழைய சத்தம்போல அழகாக இருக்காது. இருபது வருஷத்துக்கு மேல் அந்தச் சத்தத்துக்குப் பிறகுதான் போர்டிங்கில் பிள்ளைகள் எழுந்தார்கள், குளித்தார்கள், தூங்கினார்கள்.

ஞானப்பிரகாசத்துக்கு தேவசகாயம் முந்திரி முடிந்ததும் ஜெயங்கொண்டத்தில் புது வாட்ச் வாங்கிக் கட்டிவிட்டார். கொடுத்த மனசுக்குக் கிடைத்த பரிசு என்று ஊர் சொன்னது. ஊரில் இன்றைக்கும், மணியடிக்கிற புஷ்பத்துக்கு அந்த வாட்சைக் கொடுத்தது அவள் மச்சான் என்றுதான் பேச்சு. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வருகிற பெண்கள் அவளிடமே அதைச் சொல்லி, “எப்பேர்ப்பட்ட மனுசன்!” என்று உருகுவார்கள்.

அவள் ஒரு தடவையும் மறுத்துச் சொன்னதில்லை. உண்மையைச் சொல்வதற்கும் கேட்கிறவர்களுக்கு ஒரு தகுதி வேண்டும் அல்லவா. டப்பாவைத் திறந்து விரலை வைப்பாள். “நேரமாச்சு, போங்க” என்பாள்.